அளவுச் சக்கரம் சொன்ன பொய்

அத்தியாயம் ஐந்து

சைக்கிள் கடைக்கு மேலே, மாடிப்படி மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில், ஒரு துப்பறியும் நிலையம் இருந்தது. உள்ளே இரண்டு மேசை, ஒன்றரை நாற்காலி. முழு நாற்காலி அண்ணிக்கு. முதுகு கழன்ற அரை நாற்காலி கொழுந்தனாருக்கு.

முறைப்படி பார்த்தால் அவள் கொழுந்தனாருக்கு மட்டும்தான் அண்ணி. ஆனால் போலீஸ் இன்ஸ்பெக்டர் முதல் பால்காரர் வரை எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரே நாளில் ஊருக்கே அண்ணனாகிவிட்ட பொறுப்பைத் தாங்க முடியாமல் அவள் கணவர் வீட்டிலேயே தங்கி, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய தம்பிதான் இந்தக் கொழுந்தனார். வயது நாற்பத்திரண்டு. ஏழு வேலைகளில் சேர்ந்து எட்டு முறை நீக்கப்பட்டவர். ஒரு கம்பெனி, எதற்கும் இருக்கட்டும் என்று, கடிதத்தை இரண்டு முறை அனுப்பியிருந்தது.

அன்று காலை ஒன்பது மணிக்கு அவர் மேலே வந்தபோது, வாடிக்கையாளர் பெஞ்சில் மாநகராட்சியின் சர்வேயரம்மா உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம் இல்லை. அழ நேரமில்லாத முகம். மடியில் இரண்டு காகிதங்கள்.

"நாலு மணிக்கு விசாரணை. அஞ்சு மணிக்குள்ள வேலை போயிடும்," என்றாள். "பத்தொன்பது வருஷமா அளக்கறேன் அண்ணி. ஒரு மீட்டர் தப்பினதில்ல. இப்ப லஞ்சம் வாங்கினேன்னு சொல்றாங்க."

விஷயம் ஊரறிந்ததுதான். மாநகராட்சி கடன் வாங்கி ஒரு பூங்கா கட்டியிருந்தது. நகரத்துக்குப் பணம் மரத்தில் காய்ப்பதில்லை, மரம் வைத்த இடத்தைச் சுற்றித்தான் காய்க்கிறது என்று யாரோ ஒரு புத்திசாலி எடுத்துச் சொல்லியிருந்தார். பூங்கா வந்தால் பக்கத்து வீடுகளின் விலை ஏறும். வீட்டுக்காரர் சுண்டுவிரலைக்கூட அசைக்காமல் ஏறும். அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை வருஷா வருஷம் மேம்பாட்டு வரியாக வாங்கினால் பூங்காக் கடனும் அடையும், மிச்சத்தில் மழைநீர் வடிகாலும் கட்டலாம். நியாயம்தான். நியாயமான எதையும் போல அதற்கும் ஓர் அளவு தேவைப்பட்டது: இருநூறு மீட்டர்.

எங்கிருந்து இருநூறு? பூங்காவுக்கு நான்கு வாசல். நான்கு கவுன்சிலர்களும் அவரவர் வீட்டுக்கு எது தூரமோ அந்த வாசலிலிருந்துதான் அளக்க வேண்டும் என்று இரண்டு மாதம் மேசையைத் தட்டினார்கள். கடைசியில், யாருக்கும் பிடிக்காததால் எல்லோருக்கும் சம்மதமான ஒரு முடிவு எட்டப்பட்டது. மேயர் நாட்டிய அடிக்கல்லிலிருந்து, சாலை வழியாக, இருநூறு மீட்டர்.

மூன்று மாதம் முன்பு சர்வேயரம்மா அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய் அளந்தாள். மேட்டுத் தெருவின் நாற்பத்திரண்டு பங்களாக்கள் கோட்டுக்குள் வந்தன. இரண்டு வாரம் முன்பு பூங்கா திறப்பு விழா நடந்தது. மாதம் ஒரு மனு போடுவதையே உடற்பயிற்சியாக வைத்திருந்த ஒரு பங்களாக்காரர் மறு அளவை கேட்டார். அதே சக்கரத்தை உதவிப் பொறியாளர் ஒருவர் சாட்சிகளோடு உருட்டினார். மேட்டுத் தெருவில் ஒரு வீடும் வரவில்லை. எதிர்ப்பக்கம், பள்ளத் தெருவின் அறுபது ஓட்டு வீடுகள் வந்தன. அப்படியானால் முதல் பட்டியல் பொய். பள்ளத் தெருக்காரர்களிடம் கை நீட்டிவிட்டு அதை எழுதியிருக்கிறாள். இது மேயரின் முடிவு. பத்திரிகையிலும் வந்துவிட்டது.

அண்ணி இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கொழுந்தனாரைக் கழிக்கச் சொன்னாள். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"மேட்டுத் தெரு முதல் வீடு. அப்ப தொண்ணூத்திரெண்டு, இப்ப இருநூத்திப் பன்னெண்டு. நூத்திருபது கூடியிருக்கு. அடுத்த வீடு, நூத்திருபது. அதுக்கடுத்த வீடு..." அவர் நிறுத்தினார். பள்ளத் தெருப் பக்கத்தையும் கழித்துப் பார்த்தார். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் அதே நூற்றிருபது குறைந்திருந்தது. "அண்ணி, இது தப்பு மாதிரி இல்ல. தப்பு பண்றவன் இவ்வளவு ஒழுங்கா பண்ண மாட்டான். எட்டு தரம் வேலை போனவன் சொல்றேன், நம்புங்க."

"நம்பறேன் தம்பி. இந்த ஒரு விஷயத்துல உன் அனுபவம் எனக்கில்ல."

சக்கரம் கெட்டுப்போயிருந்தால் தூரம் கூடக் கூடப் பிழையும் கூடும் என்று அண்ணி விளக்கினாள். ஆள் ஏமாற்றியிருந்தால் வேண்டிய வீட்டுக்கு மட்டும் ஏமாற்றியிருப்பார். இங்கே நூறு வீட்டுக்கும் ஒரே பிழை. வீடுகள் நடப்பதில்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

"அடிக்கல்லா?" கொழுந்தனாருக்குச் சிரிப்பு வந்தது. "மேயர் பேரை அத்தனை பெருசா சுமந்துக்கிட்டு அது நூத்திருபது மீட்டர் ஓடுமா அண்ணி? பேரே எண்ணூறு கிலோ இருக்கும்."

சர்வேயரம்மா மட்டும் சிரிக்கவில்லை. தான் அளந்தபோது பூங்காவைச் சுற்றித் தகர வேலி இருந்தது என்றாள். மறு அளவை அன்று தன்னைப் பக்கத்திலேயே விடவில்லை. அதன்பிறகு கல்லைத் தான் பார்க்கவே இல்லை.

*

பூங்காவில் கல் மேற்கு மூலையில், ஒரு பெரிய மரத்தின் நிழலில், நீரூற்றுக்குப் பக்கத்தில் நின்றது. மேயர் பெயர் உள்ளங்கை அளவில், பூங்கா பெயர் விரல் அளவில், அதைக் கட்டிய பொறியாளர் பெயர் எறும்பு அளவில். பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பதைப் போல நின்றது. கொழுந்தனார் அதைச் சுற்றி வந்தார். தட்டினார். காது வைத்துக் கேட்டார். கல் எதுவும் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்த நாய் வந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மடிந்தது, வேலை நேரத்தில் வீண்பேச்சு பேசாத உத்தியோகஸ்தரின் நடை. விளக்குக் கம்பத்தில் கையெழுத்துப் போட்டது. பெஞ்சின் காலில் போட்டது. குப்பைத் தொட்டியில் போட்டது. பிறகு கிழக்குப் பக்கப் புல்வெளிக்குப் போய், நட்ட நடுவில், எதுவுமே இல்லாத இடத்தில், காலைத் தூக்கியது. தூக்கிய காலோடு திரும்பிப் பார்த்தது. அதன் முகத்தில், பூட்டிக் கிடக்கும் ஆபீசுக்கு வந்து நிற்பவரின் குழப்பம். காலை இறக்கிவிட்டு நடந்தது.

"பாவம், வயசாயிடுச்சு," என்றார் கொழுந்தனார்.

"நாய் வெட்டவெளியில கால் தூக்கிப் பாத்திருக்கியா தம்பி? அதுக்கு ஒரு கம்பமோ செவுரோ கல்லோ வேணும். முன்னாடி அங்க இருந்த ஒண்ணைத் தேடுது அது."

இருவரும் ஓடினார்கள். அண்ணி முதலில் போய்ச் சேர்ந்தாள். கொழுந்தனார் அடுத்தபடியாக, மூச்சிரைக்க. அந்த இடத்தில் புல் ஒரு கதவு அளவுக்கு மட்டும் கொஞ்சம் அதிகப் பச்சையாக இருந்தது, வேறெங்கோ வளர்ந்ததைப் பெயர்த்து வந்து ஒட்டியதைப் போல. கொழுந்தனார் விரலை விட்டுத் துழாவினார். நாயின் பழைய விசுவாசத்தைக் கை உணர்ந்த பிறகுதான் தவறு புரிந்தது. ஆனால் அதற்குள் நான்கு மூலையிலும் அறுத்து விட்ட இரும்புத் தண்டுகள் தட்டுப்பட்டுவிட்டன.

அவர் கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு எழுந்தார். கிழக்கே சாலையைப் பார்த்து, இடுப்பில் கை வைத்து நின்றார். காலை வெயில் முகத்தில் அறைந்தது. கண்ணை மூடிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: கல்லை நகர்த்தியது அந்த மனுப் பங்களாக்காரர். லாபம் யாருக்கு வருகிறதோ, காரியமும் அவருடையதுதான். வழக்கு முடிந்தது.

அண்ணி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கல் இருக்கும் இடத்துக்கு நடந்து எண்ணினாள். நூற்றிருபது மீட்டருக்கு அரை அடி குறைவு.

*

பங்களாவின் முன்புறம் ஒரு மேசை போட்டு, அக்கம்பக்கத்தார் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வரி விட்டுப் போனதற்கான கொண்டாட்டம். பங்களாக்காரர் குட்டையானவர். ஆனால் அவருடைய வாசற்படிகள் உயரமாக இருந்ததால் அது தெரியவில்லை. அண்ணிக்கும் ஒரு துண்டு நீட்டினார்.

அண்ணி கேக்கை வாங்கவில்லை. கல்லை நகர்த்தியது நீங்களா என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

பங்களாக்காரரின் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை, ஏக்கம். ஒரு நல்ல யோசனை தனக்கு வராமல் போனதே என்ற ஏக்கம். "கல்லு நகரும்னு யாருமே சொல்லலையே அண்ணி. தெரிஞ்சிருந்தா அந்த சர்வேயரம்மாவுக்குப் பழக்கூடை அனுப்பி நான் ஏன் அவமானப்படணும்?"

அவர் பொங்கிக்கொண்டு சொன்ன கதை இது. முதல் அளவையின்போது பெரிய கூடை ஒன்று அனுப்பினார். பழங்களுக்கு அடியில் ஓர் உறையும் வைத்திருந்தார். சர்வேயரம்மா உறையைத் திறக்கவில்லை. கூடையைத் திருப்பி அனுப்பியதோடு, கூடை வைத்திருந்த நேரம் இரண்டு நிமிஷம் என்று ரசீதும் எழுதிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறாள். அந்த ரசீதை இன்னும் வைத்திருப்பதாகவும், மனித நேயமே இல்லாத பெண் என்பதற்கு அதுவே ஆதாரம் என்றும் சொல்லி, அவர் உள்ளே போய் எடுத்து வந்து காட்டினார். அண்ணி அதைக் கொஞ்ச நேரத்துக்கு இரவல் கேட்டாள். சர்வேயரம்மா மேல் புகார் கொடுக்கத்தான் என்று நினைத்து அவர் உற்சாகமாகக் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் கொழுந்தனார் சோர்ந்துபோனார். லஞ்சம் வாங்கவில்லை என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. ஆனால் கையிலிருந்த ஒரே குற்றவாளியும் போய்விட்டார்.

"நீ அந்த இடத்துல நின்னப்போ உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்றாள் அண்ணி.

"வீரமா இருந்திருக்கும்."

"புளியைக் கடிச்ச மாதிரி இருந்துச்சு. காலையில கிழக்க பாத்து அங்க யார் நின்னாலும் கண்ணு மூடிக்கும். கல்லு இப்ப இருக்கற இடத்துல நிழல். பின்னாடி தண்ணி பீச்சுது. வரிக்காக நகர்த்துறவன் ஏன் அழகான இடமா தேடணும்? எங்கயோ ஒரு மூலையில போட்டா போதாதா?" அவள் நின்றாள். "வெயிலையும் நிழலையும் பாத்து இடம் தேடற ஆள் யாரு தம்பி?"

கொழுந்தனார் துணி உலர்த்துபவர் என்றார். பிறகு அவருக்கே விடை தெரிந்து, சாலையைக் கடந்து போட்டோ ஸ்டுடியோவை நோக்கி முதலில் ஓடினார்.

*

மாநகராட்சியின் ஆஸ்தான போட்டோகிராபர் ஆறு மாதமாக ஒரு துக்கத்தைச் சுமந்துகொண்டிருந்தார். கேட்பதற்கு ஆள் வந்ததும் அணை உடைந்தது. அடிக்கல் நாட்டிய அன்று காலை பத்து மணிக்கு அவர் மேயரை முப்பத்தொரு படம் எடுத்தார். முப்பத்தொன்றிலும் மேயரின் கண் மூடியிருந்தது. கேமரா சரியில்லை என்று மேயர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஆடத் தெரியாதவருக்கு மேடை கோணல் என்று போட்டோகிராபர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

"திறப்பு விழாவும் காலையில பத்து மணிக்குத்தான்னாங்க. நேரத்தை மாத்துங்க, இல்ல கல்லை நிழலுக்கு மாத்துங்கன்னேன். நேரத்தை மாத்த முடியாதாம், நல்ல நேரமாம். முந்தின நாள் மத்தியானம் பத்து ஆளு, ஒரு கிரேனு. கல்லு எங்க இருந்தா என்ன அண்ணி, படத்துல விழணும் இல்ல?"

அவருக்கு வரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. மேயருக்கும் அது நினைவில் இல்லை. ஒரு பெரிய சதியைத் தேடி வந்த கொழுந்தனாருக்கு, இது வெறும் முகராசிப் பிரச்சினை என்பதை ஜீரணிக்கக் கொஞ்சம் தண்ணீர் தேவைப்பட்டது. போட்டோகிராபர், தன் கேமராவின் மானத்தைக் காப்பாற்றுவதாக இருந்தால் எடுத்துப் போங்கள் என்று, முப்பத்தொரு சின்னப் படங்கள் அச்சிட்ட தாளையும், அவற்றில் ஒன்றின் பெரிய பிரதியையும், திறப்பு விழாப் படத்தையும் கொடுத்தார்.

*

நான்கு மணிக்கு விசாரணை அறையில் மேயர் உயரமான நாற்காலியில் இருந்தார். பக்கத்துச் சாதா நாற்காலியில் ஆணையர், திறந்த நோட்டுப் புத்தகத்தோடு. மேசை மேல், கழுத்தில் "ஆதாரம்" என்ற அட்டை தொங்க, அளவுச் சக்கரம் கிடத்தப்பட்டிருந்தது. எதிரே சர்வேயரம்மா நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மேயர் இருபது நிமிஷம் பேசினார். இது வரியல்ல, மகிழ்ச்சியில் மக்கள் எடுத்துக்கொள்ளும் பங்கு என்றார். அந்த மகிழ்ச்சியில் நஞ்சு கலந்தவர் இந்தப் பெண் என்றார். இவர் ஒரு தெருவைக்கூட அளக்கத் தெரியாதவர், தெரிந்தும் பொய் அளந்தவர், இரண்டில் ஒன்று, அல்லது இரண்டுமே என்றார்.

அண்ணி முதலில் பழக்கூடை ரசீதை ஆணையரிடம் கொடுத்தாள். பிறகு மேயரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அடிக்கல் எப்போதாவது இடம் மாறியதா? அடிக்கல் என்ன, உருண்டு ஓடும் பந்தா என்று மேயர் சிரித்தார். நாட்டிய இடத்தில் நாட்டியபடி இருப்பதாகச் சொன்னார்.

அண்ணி இரண்டு படங்களை வைத்தாள். இரண்டிலும் அதே கல், அதே மேயர். முதல் படத்தில் பின்னால், வெகு தூரத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு மரம். இரண்டாவது படத்தில் அதே மரம் மேயரின் தலைக்கு மேல் குடை பிடித்தது.

"ஆறு மாசத்துல மரம் என்னமா வளந்திருக்கு," என்றார் கொழுந்தனார். "என்ன உரம்னு சொன்னீங்கன்னா எங்க அண்ணன்கிட்ட சொல்லுவேன்."

ஆணையர் படங்களைக் கையில் எடுத்தார். முதல் படத்தில் மேயர் ஏன் தூங்குகிறார் என்று கேட்டார். தூக்கமல்ல, நகரத்தின் எதிர்காலத்தைத் தியானித்த கணம் அது என்று மேயர் சொன்னார். அண்ணி முப்பத்தொரு தியானங்களையும் மேசையில் விரித்தாள். ஆணையர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினேழாவதில் அவர் இருமத் தொடங்கினார். அது இருமல் இல்லை என்று அறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

"கல்லை மாத்தச் சொன்னது யாரு சார்?"

"சூரியன் தவறான இடத்துல இருந்தது," என்றார் மேயர்.

சூரியனுக்கு நோட்டீஸ் அனுப்ப வழியில்லாததால் ஆணையர் மற்றதை எழுதினார். கல் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். முதல் பட்டியலே செல்லும். பள்ளத் தெரு நோட்டீஸ்கள் ரத்து. சர்வேயர் மீதான குற்றச்சாட்டு ரத்து.

கொழுந்தனார் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையை எடுத்தார். அவள் சக்கரத்தின் கழுத்திலிருந்து அட்டையை அவிழ்த்து, மேசையில் ஒழுங்காக வைத்தாள். தான் இப்போது பணியில் இருக்கிறேனா என்று கேட்டாள். இந்த நிமிஷத்திலிருந்து, என்றார் ஆணையர்.

"அப்ப வடக்குத் தெரு பாக்கி இருக்கு சார். அளக்கப் போறப்பதான் நிறுத்தினாங்க. ஆபீஸ் முடிய இன்னும் நேரமிருக்கு."

மேயருக்கு இழந்த மரியாதையை மீட்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று பட்டது. வெளியே ஒரு பத்திரிகை நிருபர் காத்திருந்தார். தானே கூட நடந்து வந்து நேர்மையான அளவையைப் பார்வையிடப்போவதாக மேயர் அறிவித்தார். அவருடைய உதவியாளர் காதில் ஏதோ சொல்ல வந்தார். மேயர் கையை வீசி விலக்கினார்.

கல் முன்பு இருந்த பச்சைப் புல் திட்டிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் சர்வேயரம்மாவும் சக்கரமும். பின்னால் மேயர், ஆணையர், நிருபர், அண்ணி, கொழுந்தனார். மீட்டருக்கு ஒரு தரம் சக்கரம் "டிக்" என்றது. பால் பூத் தொண்ணூறு. பல் டாக்டர் நூற்று நாற்பது. நூற்றைம்பதில் மேயரின் நடை தளர்ந்ததைக் கொழுந்தனார் கவனித்தார். நூற்று எழுபதில் அவர் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே என்றார். சக்கரம் "டிக்" என்றது. உதவியாளர் இப்போது எதுவும் சொல்லவில்லை. முன்பே சொல்ல வந்தவர் அவர்.

நூற்றுத் தொண்ணூற்றாறில், ஒரு நீல கேட்டின் முன்னால் சக்கரம் நின்றது. உள்ளே சாய்வு நாற்காலியில் செய்தித்தாளோடு ஒரு பெரியவர். பெண்ணைக் கட்டிக்கொடுத்து இருபது வருஷமாகியும், மாப்பிள்ளையை இன்னும் பரீட்சைக்கு லேட்டாக வந்த பையனைப் பார்ப்பதைப் போலவே பார்க்கும் மனிதர். மேயர் முதல் முறையாகத் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோய் முடியைச் சரிசெய்துகொண்டார்.

சர்வேயரம்மா வணக்கம் சொல்லி, விதியை விளக்கி, தூரத்தை எழுதிய சீட்டைக் கொடுத்தாள். பெரியவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், அவளை இல்லை.

"மாப்பிள்ளை, இந்தப் பொண்ணுக்கு அளக்கத் தெரியாதுன்னு நேத்து பேப்பர்ல நீங்கதானே சொல்லியிருந்தீங்க?"

மேயர் ஆணையரைப் பார்த்தார். நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது. நிருபரைப் பார்த்தார். பென்சில் தயாராக இருந்தது. அண்ணியைப் பார்த்தார். அவள் முப்பத்தொரு படங்கள் அச்சிட்ட தாளை விசிறியாக மடித்து, மெதுவாக வீசிக்கொண்டிருந்தாள்.

"நல்லா அளப்பாங்க மாமா," என்றார் மேயர். "இந்த ஊர்லயே அவங்கள மாதிரி சரியா அளக்க ஆள் இல்ல."

நிருபர் பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு, சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்ல முடியுமா என்றார்.

மேயர் இன்னொரு தரம் சொன்னார்.